அபிசீனியத் தரப்பில் நாகலிங்கம்

இத்தாலிக்காரர்களுக்கும் அபிசீனியாக்காரர்களுக்கும் நடந்த அந்தச் சண்டை, காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துபோன சண்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், செங்கடலுக்கு அந்தப் பக்கம், இப்போது எத்தியோப்பியா என்கிறார்களே அங்கே, ஒரு மொட்டைக் குன்றின் மேல் நடந்தது. குன்றின் பெயரையே மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள். போட்டவர்களே மறந்துவிட்ட அந்தச் சண்டையை, எண்பது வருஷம் கழித்து, சவூதியில், தம்மாமில் ஒரு ஏசி அறைக்குள் உட்கார்ந்து படமாக வரைய ஆரம்பித்தார்கள். அதுதான் முடிகிற வழியாக இல்லை.

வரைந்தவர்கள் 'செங்கடல் போர்க்கள நிலப்பட நிறுவனம்' என்று மூன்று மொழிகளில் போர்டு மாட்டியிருந்தார்கள். ஜுபைல் பக்கம் குழாய் பதிக்க வந்த ஒரு இத்தாலியக் கம்பெனியின் செல்லப் பிள்ளை அது. கம்பெனித் தலைவர் மிலானில் இருந்தார். அவருடைய தாத்தா அந்தச் சண்டையில் லெப்டினன்டாகப் போய்ச் செத்தவர். தாத்தா செத்த இடத்தைப் பெரிய படமாக வரைந்து தலைமை அலுவலகத்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்று தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. சாதாரண ஆளுக்கு ஆசை வந்தால் இரண்டு நாள் தூக்கம் கெடும். பணக்காரருக்கு வந்தால் ஒரு டைரக்டர், ஒரு கமிட்டி, ஒரு பெரிய மேஜை, மேஜையைச் சுற்றி நாற்காலிகள் எல்லாம் வந்துவிடும்.

குழாய்ப் படங்களுக்கு மை போட்டுக்கொண்டிருந்த டிரேசர் வைரவனை ஒரு காலையில் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ யுத்தத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறாய் என்றார்கள். சிவகங்கைப் பக்கத்துக்காரன். கையில் இருந்த டீயை அப்படியே கீழே வைத்தான். மை போடும் வேலைதான் என்று தெரிந்த பிறகுதான் டீயைக் குடித்தான்.

அவனுடைய தங்கை கருப்பாயியின் புருஷன் நாகலிங்கம், அதே கம்பெனியில் ஜுபைல் சைட்டில் கம்பி கட்டினான். அவன் கப்பல் ஏறியபோது கருப்பாயி முழுகாமல் இருந்தாள். பிறந்த குழந்தைக்குத் தாமரை என்று பெயர் வைத்து, கடிதத்தில்தான் அப்பனுக்குத் தெரிவித்தார்கள். இப்போது அது நடக்கிறது. அவனுக்கு லீவும் வந்துவிட்டது. வந்த லீவை எடுக்கத்தான் முடியவில்லை. படத்தைத் திறந்து வைக்கத் தலைவர் நேரில் வருகிறார், அதுவரை கம்பெனியிலும் கேம்ப்பிலும் ஒருவருக்கும் லீவு கிடையாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நாகலிங்கம் கேம்ப் லாரியில் தொற்றிக்கொண்டு வைரவனின் ரூமுக்கு வருவான். வந்ததும் வராததுமாக இதையேதான் கேட்பான்.

"மச்சான், அந்தச் சண்டைய வெரசா முடிச்சு விடுங்களேன். நான் ஊருக்குப் போகணும்."

"என் கையிலயா இருக்கு மாப்ள? அவுக இன்னும் மலை எங்க இருக்குன்னே முடிவு பண்ணல."

"மலைய எங்கயாச்சும் வைக்கச் சொல்லுங்க. பிள்ள இப்பவே வாசப்படியத் தாண்டுதாம். இன்னும் தள்ளிப்போனா என்னையப் பாத்து யார்றா இவன்னு கேக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் வைரவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்பாடு பட்டாவது இவனை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வைரவன் அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்திலும் சண்டையை வரைந்தான்.

அவன் வேகமாக வரைந்து என்ன செய்ய? கமிட்டி இருந்ததே. டைரக்டர் வெங்கட்ராமன் இந்தியாவில் சர்வே உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பத்மாவோடு கம்பெனி வீட்டில் குடியிருந்தார். நல்ல மனுஷர், கோபப்படவே மாட்டார். எதையும் தீர்மானமாக எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, தாக்கல் செய்த பிறகுதான் நடந்ததாக ஒப்புக்கொள்வார்.

படம் மாதக்கணக்கில் இழுத்ததற்குக் காரணம் லெப்டினன்டின் முதுகு. பழைய ராணுவக் குறிப்பில், குண்டு அவர் முதுகில் பாய்ந்ததாக இருந்தது. தலைவரோ, தாத்தா எதிரியைப் பார்த்தபடி விழுந்ததாகப் படம் காட்ட வேண்டும் என்று தந்தி அடித்திருந்தார். கமிட்டி கூடியது. காற்றில் குண்டு திரும்பியிருக்கலாம் என்றார் ஒருவர். எதிரியை முறைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பியிருக்கலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் வெங்கட்ராமன் எழுந்தார்.

"ஜென்டில்மென், குண்டு எந்தப் பக்கம் போச்சுங்கறத நம்மால மாத்த முடியாது. அது சரித்திரம். சரித்திரத்தத் தொட நமக்கு அதிகாரம் இல்ல. ஆனா மலை சரித்திரம் இல்ல, பூகோளம். பூகோளம் நம்ம டிபார்ட்மென்ட். அதனால மலையத் திருப்பி வெச்சுடலாம்."

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். மூலையில் பேனாவோடு நின்ற வைரவனுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"சார், மலையத் திருப்புனா ஓடையும் கூடத் திரும்பிரும். அப்ப தண்ணி மேட்டுல ஏறுமே சார்."

"தண்ணி ஏறறதும் எறங்கறதும் நம்ம ஸ்கோப்ல வராதுப்பா. நீ மையப் போடு."

வைரவன் மையைப் போட்டான். ஓடை குன்றின் மேல் ஏறிப் போயிற்று.

செத்தவர்களைக் குறிக்கவும் ஒரு தீர்மானம் இருந்தது. இத்தாலிய அதிகாரி என்றால் தனித்தனிச் சிலுவை, பக்கத்தில் பெயர். இத்தாலியச் சிப்பாய் என்றால் சின்னக் கட்டம். அபிசீனியர்களுக்கு அந்தப் பகுதி முழுக்கச் சாம்பல் புள்ளி தெளித்துவிட்டால் போதும். எத்தனை புள்ளி வைப்பது என்று வைரவன் கேட்டதற்கு, பார்ப்பதற்கு உறுத்தாத அளவுக்கு என்று பதில் வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நாகலிங்கம் ஊருக்குப் போயிருப்பான். படம் மிலானுக்குப் போய், ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. இந்த இடத்தில் இத்தனை பேர் நின்று சண்டை போட்டிருக்க முடியுமா, யாராவது நிற்கவைத்துப் பார்த்தீர்களா என்று தலைவர் விளையாட்டாகக் கேட்டிருந்தார். பெரிய இடத்து விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள அங்கே யாருக்குத் தைரியம்? கமிட்டி கூடி, கள ஆய்வு நடத்துவதென்று தீர்மானித்தது. ஜுபைலுக்கு வெளியே உப்புத் தரையில், குழாய்க்காகத் தோண்டிக் குவித்திருந்த மண்மேடு குன்றாக நியமிக்கப்பட்டது. கேம்ப்பில் இருந்த ஆட்கள் வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு படைகளாக நிறுத்தப்பட்டார்கள்.

பட்டாணியர்களை இத்தாலியர்களாக்கினார்கள். தமிழ்நாட்டு ஆட்கள் மொத்தமாக அபிசீனியத் தரப்பு. எதை வைத்துப் பிரித்தார்கள் என்பதற்கு அறிக்கையில் 'கிடைக்கக்கூடிய ஆள்பலத்தின் இயல்பைப் பொறுத்து' என்று கண்ணியமாக எழுதியிருந்தது.

இரண்டு படைகளுக்கும் சேர்த்து ஒரே தளபதி, கேம்ப் போர்மேன் முகம்மது சித்தீக். கீழக்கரைக்காரர். விசிலை ஊதி, "யல்லா, அபிசீனியா, ஏறு மேல" என்பார். அபிசீனியா மூச்சிரைக்க மேட்டில் ஏறும். சாரத்தின் மேல் நிற்கும் போட்டோக்காரர் கையை ஆட்டினால் இறங்கி, மறுபடியும் ஏறும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு வாரமும் வெயில்தான் முந்திக்கொள்ளும்.

இதில் ஒரே சுகமான வேலை சாவுதான். விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடக்கலாம், ஏறி இறங்க வேண்டாம். கேம்ப்பில் அதற்கு 'சாவு டூட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வாரம் முழுக்கக் கம்பி கட்டியவனுக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும் தூக்கம் அது ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலமே சித்தீக்கைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். பாய், நாளைக்கு என்னையச் சாக விடுங்க, எனக்கு இடுப்பு சரியில்ல என்பான் ஒருவன். போன வாரமும் நீதானடா செத்த, எனக்குக் குடு என்பான் இன்னொருவன்.

யார் எங்கே விழ வேண்டும் என்று சுண்ணாம்பால் குறி போடுவது வைரவனின் வேலை. அந்த ஆபீசில் அவனுக்கு இருந்த ஒரே செல்வாக்கு அது. அதைத் தன் மாப்பிள்ளைக்குச் செய்து கொடுத்தான். வேறு என்ன கொடுக்க முடியும் அவனால்?

"மாப்ள, நாளைக்கு மொத ஓட்டத்துலயே விழுந்துருங்க. மூணாவது வரிசையில நம்ம சுண்ணாம்பு இருக்கும். விழுந்தா எந்திரிக்கவே வேணாம். முடிஞ்சதும் நான் வந்து எழுப்புறேன்."

"நல்லதாப் போச்சு மச்சான். ரெண்டு நாளா தலையச் சுத்துது. செத்த படுத்துக் கெடந்தா சரியாப்போயிரும்."

அந்த வாரம் இரண்டு புதுத் தீர்மானங்கள் வந்திருந்தன. முந்தின வாரத்துப் போட்டோக்களில், செத்த அபிசீனியர்கள் முகத்தில் துண்டைப் போட்டு மூடியிருந்தது சரித்திர உணர்வைக் கெடுப்பதாகத் தெரிந்தது. ஆகவே துண்டு கூடாது. ஒரு பிணம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதும் ஒரு படத்தில் விழுந்துவிட்டது. ஆகவே 'இறந்தவர்களுக்குத் தண்ணீர் வழங்கப்படமாட்டாது' என்று தட்டச்சு செய்து சாரத்தில் ஒட்டினார்கள். கமிட்டி உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது ஆவணி மாத வெயில்.

நாகலிங்கம் முதல் ஓட்டத்திலேயே விழுந்தான். சுண்ணாம்புக் குறி மேல், வானத்தைப் பார்த்தபடி. லெப்டினன்டாக நின்ற பட்டாணியருக்கு ஒவ்வொரு தடவை விழும்போதும் சிரிப்பு வந்தது. அதனால் லெப்டினன்ட் திரும்பத் திரும்பச் செத்தார். அபிசீனியா திரும்பத் திரும்ப மேட்டில் ஏறியது. நிழற்குடையின் கீழிருந்து பார்த்த வெங்கட்ராமன், மூன்றாவது வரிசையைக் காட்டி மற்றவர்களுக்கு உபதேசம் செய்தார்.

"அந்த ஆளப் பாருங்கோ. காலைலேர்ந்து ஒரு அசைவு உண்டா? என்ன டிசிப்ளின். அவரப் பாத்துக் கத்துக்குங்கோ."

தூரத்தில் நின்ற வைரவனுக்குப் பெருமையாக இருந்தது. நம்ம மாப்பிள்ளை நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்தான்.

ஒரு வழியாகச் சித்தீக் "கலாஸ்" என்று விசில் ஊதினார். செத்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டினார்கள். நாகலிங்கம் எழுந்திருக்கவில்லை. "பாவம், அசந்து தூங்குறாப்ல. லாரி வர்ற வரைக்கும் கெடக்கட்டும் தம்பி," என்றார் சித்தீக். வைரவனும் படங்களைச் சுருட்டிக் குழாயில் போட்டான், டீ வாங்கிக் குடித்தான், மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு போனான்.

"மாப்ள, எந்திரிங்க. முடிஞ்சுருச்சு."

தோளைத் தொட்டான். உடம்பு அடுப்பில் வைத்த கல்லாகச் சுட்டது. "மாப்ள, நாந்தான். எழுப்புறேன்னு சொன்னேன்ல. எந்திரிங்க மாப்ள." கேம்ப்பே வந்து சுற்றி நின்றது. தண்ணீர் கூடாதென்று ஒட்டியிருந்த காகிதத்தை யாரும் கிழிக்கவில்லை, ஆனால் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். உப்புத் தரை குடித்தது. வைரவன் அந்த இடத்திலேயே மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். சுகமாகப் படுத்திருக்கட்டும் என்று தானே தேடிக் கொடுத்த இடம் என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

தங்கைக்குத் தந்தி அடித்தான். அவளிடமிருந்து ஒரு வரிதான் வந்தது. முகத்தையாவது காட்டு அண்ணே.

அதற்காக வைரவன் பெர்சனல் மேனேஜர் சேதுமாதவன் முன்னால் போய் நின்றான். சேதுமாதவன் இளகிய மனசுக்காரர். உண்மையிலேயே கண் கலங்கினார். உட்காரச் சொன்னார். பிறகு விதிகளை எடுத்தார்.

"ஆஸ்பத்திரியில எறந்துட்டார்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அது அவங்க அபிப்பிராயம். நான் மதிக்கறேன். ஆனா வெள்ளிக்கிழம கம்பெனிக்கு ஹாலிடே. ஹாலிடேல நம்ம ஆள் சைட்ல சாக வாய்ப்பே இல்ல."

"யுத்த டூட்டிக்குத்தானே சார் வரச் சொன்னீங்க."

"அதத்தான் சொல்ல வர்றேன். யுத்தத்துல அவர் கம்பெனி ஆள் இல்ல. அபிசீனியத் தரப்பு. நிறுவனத்து ரெக்கார்டுப்படி அவர் முதல் தாக்குதல்லயே விழுந்தாச்சு, காலைல ஏழரைக்கு. போட்டோ இருக்கு. டாக்டர் பதினோரு மணிக்கு மேலன்னு எழுதறார். ஒரே ஆள் ரெண்டு தடவ செத்ததா நான் மேல அனுப்பினா என் வேல போயிடும்."

"சார், அவர ஊருக்கு அனுப்பணும். தங்கச்சி பாக்கணும்ங்குது. வேற ஒண்ணும் கேக்கல."

"யுத்த வழக்கம்னு ஒண்ணு இருக்கில்லையா வைரவன். அவங்கவங்க தரப்பு ஆள அவங்கவங்கதான் எடுத்துக்கணும். அவரோட தரப்பு அபிசீனியா. சட்டப்படி சக்கரவர்த்திக்குத்தான் எழுதணும். அவரையும் போன வருஷமே எறக்கிட்டாங்க. இருந்தாலும் நான் விடல, அடிஸ் அபாபாவுக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

அடிஸ் அபாபாவிலிருந்து பதில் வரவில்லை. அவர்களுக்கு அங்கே சொந்தச் சாவே தலைக்கு மேல் இருந்தது. நாகலிங்கம் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் கிடந்தான். வைரவன் வாரா வாரம் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தான். உள்ளே விட மாட்டார்கள், சொந்தக்காரன் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும்.

கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. இரங்கல் கூட்டம் போட்டது. அபிசீனியத் தரப்புக்கு மட்டும் மௌனம் அனுஷ்டித்தால் பாரபட்சமாகிவிடும் என்று ஒரு உறுப்பினர் ஆட்சேபித்ததால், இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு நிமிஷம் மௌனம் என்று முடிவாயிற்று. வெங்கட்ராமன் பேசினார்.

"யுத்தம்னா இழப்பு சகஜம். ஆனா ஒண்ண மறந்துடக் கூடாது. நம்ம கள ஆய்வு சரியா நடந்ததுங்கறதுக்கு இதவிடப் பெரிய அத்தாட்சி கெடையாது. அந்த எடத்துல அந்த வெயில்ல மனுஷன் சாக முடியும்னு நாம நிரூபிச்சிருக்கோம்."

கைதட்டப் போனவர்கள் மௌனம் என்பது ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டார்கள். வைரவனும் அந்த வரிசையில்தான் நின்றான். வெளியே போய்விடலாம் போல இருந்தது. போனால் சொந்தக்காரன் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? நின்றான்.

தலைவர் வந்தார். வயதானவர், மெதுவாக நடந்தார். திரையை விலக்கியதும் தாத்தாவின் சிலுவையைத் தொட்டுப் பார்த்து, எதிரியைப் பார்த்தபடி விழுந்திருக்கிறார் என்று குழந்தை போல அழுதார். அழுகையைப் பார்த்து வைரவனுக்கும் கண்ணீர் வந்தது, செத்தவருக்காக அழ ஒரு ஆள் இருக்கிறதே என்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு தலைவர் சாம்பல் புள்ளிகளைக் காட்டி இது என்ன என்று கேட்டார். வெங்கட்ராமன், "நிழல் சார், மேடு எடுப்பாத் தெரியறதுக்காக," என்று இங்கிலீஷில் சொன்னார்.

யுத்தம் முடிந்தது. லீவுகள் திறந்தன. மறுநாளே சேதுமாதவன் வைரவனைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் மலர்ச்சி.

"வைரவன், உங்க மாப்பிள்ளைக்கு லீவ் சாங்ஷன் ஆயிடுச்சு. ரெண்டு மாசம்."

"சார், அவரு செத்துட்டாரு."

"அத யாரும் இன்னும் ஒத்துக்கலயே. ஒத்துக்காத வரைக்கும் அவர் நம்ம ஆள். லீவ்ல போற ஆளுக்கு டிக்கெட் உண்டு, சாமான் ஏத்திக்க எடம் உண்டு. அவரே பயணி, அவரே சாமான். நான் ராத்திரியெல்லாம் யோசிச்சுக் கண்டுபிடிச்ச வழி இது. இதவிட்டா வேற வழி கெடையாது."

வைரவன் அவரைக் கும்பிட்டான். இத்தனை நாளில் ஒரு மனுஷன் மனுஷனாக யோசித்திருக்கிறார் என்று தோன்றியது. சேதுமாதவன் ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"ஒரு சின்ன விஷயம். லீவ்ல போறவர் திரும்பி வருவார்னு ஒருத்தர் ஜாமீன் போடணும். அவர் வர்ற வரைக்கும் ஜாமீன்காரர் பாஸ்போர்ட் எங்ககிட்ட இருக்கும். எல்லாருக்கும் உள்ள ரூல்தான்."

வைரவன் காகிதத்தைப் பார்த்தான். புரியாமல் இல்லை. அண்ணே, முகத்தையாவது காட்டு என்று அவள் கேட்டிருந்தாள். பேனாவை வாங்கி, படத்துக்கு மை போடும் அதே நிதானத்தோடு கையெழுத்துப் போட்டான்.

தஹ்ரான் ஏர்போர்ட்டில் பெட்டி விமானத்துக்குள் ஏறுவதைக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். நாகலிங்கம் ஊருக்குப் போனான். கருப்பாயி முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்களாம். யாருன்னு கேட்டுச்சு அண்ணே, நான் என்ன சொல்லட்டும், நீ வந்தாத்தான் எனக்கு எல்லாம் நெசம்னு படும், ஒருக்கா வந்துட்டுப் போ என்று யாரையோ விட்டு எழுதியிருந்தாள்.

லீவு முடிந்த மறுநாள் சேதுமாதவன் மறுபடி கூப்பிட்டனுப்பினார். நாகலிங்கம் இன்னும் டூட்டிக்கு வரவில்லை என்றார், வருத்தத்தோடு. வைரவன், அவர் செத்துட்டாரு சார், நீங்கதானே பெட்டியில அனுப்புனீங்க என்றான். சேதுமாதவன் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவான குரலில், செத்தவருக்கு லீவு கொடுத்ததாக வெளியே தெரிந்தால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டியதுதான் என்று விளக்கினார். வைரவனுக்கு விளங்கியது.

அதன் பிறகு மாதா மாதம் கூப்பிடுவார்கள். எப்போது வருகிறார் என்று கேட்பார்கள். சில மாதத்தில் வைரவன், வந்துருவாரு சார் என்று சொல்லப் பழகிக்கொண்டான். அவர்களும் அதை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தங்கைக்கு மட்டும் என்ன எழுதுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினான். அது பொய்யும் இல்லை.

ஊரிலிருந்து ஆட்கள் வரும் நாளில் கம்பெனி பஸ் ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஆபீஸ் வாசலுக்கு வரும். வைரவன் பேனாவை வைத்துவிட்டு இறங்கிப் போய் வாசலில் நிற்க ஆரம்பித்தான். ஏன் போகிறோம் என்று முதலில் அவனுக்கே வெட்கமாக இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது. டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக ஒவ்வொருவராக இறங்குவார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். கடைசி ஆள் இறங்கிய பிறகும் நிற்பான்.

புதிதாக வந்த டிரைவர் வேலுச்சாமி, கதவைச் சாத்தப்போனவர், அவனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருக்கண்ணே நிக்கிறீங்க?"

"எங்க மாப்பிள்ளைக்கு," என்றான் வைரவன். "லீவுல போனாரு. அவரு வந்துட்டா நான் ஊருக்குப் போயிருவேன்."